கடைக்கு நீங்களே போயிட்டு வாங்க: மெல்பர்ன்ல பிள்ளைங்க வீட்டுக்கு போறவங்க கேட்டது

போன இதழ்ல மகள் வீட்டுக்கு மெல்பர்ன் போயி நாலு மாசம் இருந்துட்டு வந்ததைப் பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுல கடை மார்க்கெட்டெல்லாம் தனியா சுத்துனேன்னு ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் அத்தனை கடிதமும் வாய்ஸ் மெசேஜும் வந்திருக்கு. டிக்கெட் போட்டுட்டு காத்திருக்கறவங்க, ஏற்கனவே அங்க போயி வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கறவங்க, போயிட்டு வந்து ஏதோ விட்டுட்டோமேனு நினைக்கறவங்கனு எல்லாரும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை பகுதி முழுக்க இதுக்கே.

கேள்வி: நான் மகள் வீட்டுக்கு வந்து மூணு வாரம் ஆகுது. அவளும் மாப்பிள்ளையும் காலைல போனா சாயங்காலம்தான் வர்றாங்க. பக்கத்துலயே சூப்பர்மார்க்கெட் இருக்கு, பத்து நிமிஷம் நடக்கற தூரம். ஆனா தனியா போக பயமா இருக்கு, இங்கிலீஷும் சரளமா வராது, காசும் புரியல. சனிக்கிழமை அவங்க கூட்டிட்டு போனா போறேன், அதுவும் கார்லேர்ந்து இறங்குறது கார்ல ஏறுறதுனு முடிஞ்சிடுது. என்ன பண்றது?

அம்மா, முதல்ல ஒண்ணு சொல்றேன், சனிக்கிழமை அவங்களோட போறது கடைக்கு போறதே இல்ல. அவங்க வாரம் முழுக்க வேலை பாத்துட்டு வந்து ஒரு மணி நேரத்துல எல்லாத்தையும் அள்ளி ட்ராலில போடணும்னு ஓடுவாங்க, நீங்க பின்னாடியே ஓடணும், எதையும் நின்னு பாக்க முடியாது. நீங்க தனியா ஒரு செவ்வாய்க்கிழமை காலைல பத்தரை மணிக்கு போங்க. அந்த நேரத்துல கடை அமைதியா இருக்கும், உங்க வயசுக்காரங்கதான் பாதிப்பேர் இருப்பாங்க, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க.

முதல் நாள் ஒரு பால், ஒரு பிரெட் அவ்ளோதான். அதுக்கு மேல வாங்காதீங்க. வீட்டு அட்ரஸை ஒரு பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வைங்க, போன்ல சார்ஜ் இருக்கானு பாத்துக்கோங்க. ரோடு கிராஸ் பண்ற இடத்துல கம்பத்துல பட்டன் இருக்கும், அதை அமுக்கிட்டு நில்லுங்க. பச்சை மனுஷன் வரும்போது டிக்டிக்டிக்னு வேகமா ஒரு சத்தம் வரும், அப்ப போங்க. அமுக்காம எவ்ளோ நேரம் நின்னாலும் சில சிக்னல்ல நமக்கு பச்சை விழவே விழாது, அது தெரியாம நிறைய பேர் நின்னுட்டே இருக்காங்க.

காசு விஷயம். ஆஸ்திரேலியா நோட்டு பிளாஸ்டிக், நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, கலரை வெச்சு கண்டுபிடிச்சிடலாம், 10 டாலர் நீலம், 50 மஞ்சள், 100 பச்சை. குழப்பறது சில்லறைதான். தங்க நிறத்துல ரெண்டு காசு இருக்கும், அதுல சின்னதா தடிமனா இருக்கறதுதான் 2 டாலர், பெருசா இருக்கறது 1 டாலர். எல்லாருமே முதல்ல இதை மாத்தித்தான் எடுப்பாங்க, ஏன்னா பெருசுதானே அதிகமா இருக்கணும்னு தோணும். வெள்ளைக் காசுல பன்னிரண்டு முனை வெச்சு பெருசா இருக்கறது 50 சென்ட். ஒரு நாள் மத்தியானம் மேசைல எல்லாத்தையும் கொட்டி தடவிப் பாத்து பழகிக்கோங்க. அப்புறம் பில்லுல 7 டாலர் 98 சென்ட்னு இருந்தா கேஷா குடுக்கறப்ப 8 டாலர் கேப்பாங்க, ஏமாத்தறாங்கனு நினைச்சிடாதீங்க. 1 சென்ட், 2 சென்ட் காசை 1992லயே நிறுத்திட்டாங்க, அதனால கேஷ்னா பக்கத்துல இருக்கற 5 சென்ட்டுக்கு கூட்டியோ குறைச்சோ வாங்குவாங்க. கார்டுன்னா பில்லுல என்ன இருக்கோ அதேதான்.

இங்கிலீஷ். கவுண்டர்ல இருக்கற பொண்ணு உங்களைப் பாத்ததும் "ஹௌ ஆர் யூ கோயிங்"னு கேப்பா. நீங்க எப்படிப் போறீங்க, பஸ்ஸா நடையானு கேக்கல, நல்லா இருக்கீங்களானு கேக்கறா. "குட், தேங்க்யூ"னா போதும். அடுத்து அந்தக் கடையோட பாயின்ட் கார்டு இருக்கானு ஒரு பேர் சொல்லிக் கேப்பா, "நோ"னு சொல்லுங்க. பை வேணுமானு கேப்பா, நீங்களே ஒரு துணிப்பை கொண்டு போயிடுங்க, அங்க பைக்கு தனியா காசு. ரசீது வேணுமானு கேட்டா "யெஸ் ப்ளீஸ்", எப்பவும் வாங்கிக்கோங்க, ஏன்னு கீழ சொல்றேன். ஆக மொத்தம் நாலு கேள்வி, நாலு பதில், இதுக்கு மேல இங்கிலீஷ் தேவையே படாது. நாமளே ஸ்கேன் பண்ற மிஷின் பக்கம் முதல் ரெண்டு மூணு தடவை போகாதீங்க, ஆள் இருக்கற கவுண்டர் ஒண்ணாவது திறந்திருக்கும், அங்க நில்லுங்க.

அந்த பாலையும் பிரெட்டையும் நீங்களே வாங்கிட்டு வந்து சாவி போட்டு கதவைத் திறந்து உள்ள வந்து வெச்சீங்கனா, சாயங்காலம் மகள் வந்து ஃப்ரிட்ஜை திறந்து "இது யாரு வாங்குனா?"னு கேப்பா பாருங்க. எனக்கு அதுதான் நடந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நான் நல்லா தூங்கினேன், வந்த நாள்லேர்ந்து அதுதான் முதல் நல்ல தூக்கம். விருந்தாளி மாதிரி இருக்கறதுல ஒரு களைப்பு இருக்கு, அது உடம்பு களைப்பு இல்ல, நமக்குனு ஒரு வேலையும் இல்லாத களைப்பு. கடைக்கு போயிட்டு வந்தா அது போயிடும், இதை நான் அனுபவிச்சு சொல்றேன்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. நல்ல மார்க்கெட்டா, காய் பழம் மீனெல்லாம் பாத்துப் பொறுக்கி வாங்கற மாதிரி மெல்பர்ன்ல எங்க போகலாம்? எந்த நாள் போனா நல்லது?

இதுக்காகத்தான் காத்திருந்தேன்! குயின் விக்டோரியா மார்க்கெட்டுக்கு போங்க. சிட்டிக்குள்ளயே எலிசபெத் ஸ்ட்ரீட் முனைல இருக்கு, 1878லேர்ந்து நடக்குது, இன்னிக்கும் அந்தக் காலத்து நீள நீள ஷெட்டுதான். திங்களும் புதனும் லீவு, தெரியாம போயி பூட்டுன ஷெட்டைப் பாத்துட்டு திரும்புனவங்க ரெண்டு பேர் எனக்கே எழுதியிருக்கீங்க. மத்த நாள்லயும் மத்தியானம் மூணு மணி வாக்குல கடையைக் கட்ட ஆரம்பிச்சிடுவாங்க, சாயங்காலம் போலாம்னு நினைக்காதீங்க. சிட்டி நடுவுல டிராம் ஃப்ரீ, இந்த மார்க்கெட்டும் அந்த ஃப்ரீ எல்லைக்குள்ளதான் இருக்கு, அதனால சிட்டிக்குள்ள ஏறி சிட்டிக்குள்ள இறங்குனா மைக்கினு சொல்ற பயணக் கார்டைத் தட்டவே வேணாம். வீட்டுலேர்ந்து சிட்டி வரைக்கும் வர்ற ரயிலுக்குத்தான் கார்டு தட்டணும்.

அந்த இடத்துக்கு ஒரு கதை உண்டு. மெல்பர்னோட முதல் அதிகாரப்பூர்வ கல்லறைத் தோட்டம் அங்கதான் இருந்துச்சு, மார்க்கெட்டை பெருசு பண்ணும்போது அதுக்கு மேலயே கட்டிட்டாங்க, கொஞ்சம் பேரோட உடலைத்தான் எடுத்து வேற இடத்துல வெச்சாங்க, ஆயிரக்கணக்கானவங்க இன்னும் அந்த மண்ணுக்குக் கீழதான் இருக்காங்க. எனக்கு மகள் இதைச் சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டேன். மேல தக்காளி விக்கற சத்தம், கீழ அந்த ஊரை முதல்ல கட்டுன ஜனங்க. 2018ல தேசிய பாரம்பரியப் பட்டியல்ல இந்த மார்க்கெட்டை சேத்திருக்காங்க, சேக்க வேண்டியதுதான்.

எப்படி சுத்தணும்னா, முதல்ல எதுவும் வாங்காம ஒரு ரவுண்டு முழுசா நடங்க. ஒரே கத்திரிக்கா நாலு கடைல நாலு விலை இருக்கும். விலை அட்டைல கிலோவுக்கா, ஒரு பைக்கா, ஒரு காய்க்கானு கவனிச்சுப் பாருங்க, கீழ பொடி எழுத்துல "ஈச்"னு இருந்தா ஒரு காய்க்கு அந்த விலை. மறுபடி வந்து வாங்குங்க. கடைசி ஒரு மணி நேரம் இருக்கு பாருங்க, குறிப்பா சனி ஞாயிறு, அப்ப கடைக்காரங்க கூவிக்கூவி விலையைக் குறைப்பாங்க, பெட்டி பெட்டியா ஒரே விலைக்குத் தள்ளுவாங்க. நல்ல மலிவுதான், ஆனா அந்தப் பெட்டி உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள போகுமானு யோசிச்சுட்டு கை நீட்டுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை, டிசம்பர் கடைசினு நினைக்கறேன், அங்க வெயில்காலம் அப்பதானே, ஏப்ரிகாட்டும் செர்ரியும் குமிச்சு வெச்சிருந்தாங்க. எனக்கு ஏப்ரிகாட்னா காய்ஞ்சதுதான் தெரியும், பச்சையா பாத்ததே இல்ல. ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், தலைல துணி கட்டியிருந்தாங்க, நான் ஒண்ணை எடுத்து அமுக்கிப் பாத்ததும் என் கையைப் பிடிச்சு "நோ நோ"னாங்க. நான் பயந்துட்டேன். அவங்க என் கைல இருந்ததை வாங்கி வெச்சுட்டு வேற ஒண்ணை எடுத்து மூக்குக்கிட்ட கொண்டு வந்து காட்டுனாங்க. மோந்துதான் பாக்கணும், அமுக்கக் கூடாது. காம்புப் பக்கம் தேன் வாசனை வந்தா பழுத்தது, வாசனையே இல்லன்னா கலர் எவ்ளோ நல்லா இருந்தாலும் வேணாம். அப்புறம் அதையே ரெண்டாப் பிளந்து பாதியை என் கைல குடுத்து பாதியை அவங்க சாப்பிட்டாங்க. அவங்களுக்கும் இங்கிலீஷ் பெருசா வரல, எனக்கும் வரல. ஆனா அஞ்சு நிமிஷம் பேசிக்கிட்டோம். அதுக்கப்புறம் நான் போற ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைக்குப் போயி நின்னுட்டுத்தான் வந்தேன்.

மீன் வாங்கறவங்களுக்கு ஒரு தகவல். அங்க பேரு வேறயா இருக்கறதால நாம வெறும் சால்மனையே வாங்கிட்டு இருப்போம். பேரமண்டினு எழுதியிருக்கும் பாருங்க, அது நம்ம கொடுவாதான். ஸ்பானிஷ் மேக்கரல்னா வஞ்சிரம். வெட்டித் தரச் சொன்னா வெட்டித் தருவாங்க, வட்டத் துண்டு வேணும்னா "கட்லெட்"னு சொல்லணும், ஃபில்லெட்னா முள்ளை எடுத்துட்டு சதையை மட்டும் தருவாங்க. தலை வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க.

மார்க்கெட்ல ஒரு பழைய வேன்ல சூடா ஜாம் டோனட் விப்பாங்க, 1950லேர்ந்து இருக்கற வேன். க்யூ நீளமா இருக்கும், நில்லுங்க. வாங்குன உடனே கடிக்காதீங்க, உள்ள ஜாம் கொதிக்கும், நாக்கு பொசுங்கிடும்.

நம்ம சாமான்தான் வேணும்னா டேண்டினாங் போங்க, ரயில்லயே போலாம். ஸ்டேஷன் பக்கத்துல ஃபோஸ்டர் ஸ்ட்ரீட்டை லிட்டில் இந்தியானுதான் சொல்லுவாங்க, கறிவேப்பிலைலேர்ந்து எல்லாம் கிடைக்கும். அங்கயே தாமஸ் ஸ்ட்ரீட்ல ஆப்கான் கடைங்க வரிசையா இருக்கு, அவங்க சுடுற நீள ரொட்டியை சூடா வாங்கி நடந்துகிட்டே பிச்சு சாப்பிடுங்க, அதுக்காகவே இன்னொரு தடவை போவீங்க. ஸ்பிரிங்வேல்ல வியட்நாம், கம்போடியாக்காரங்க கடைங்க, பாவக்கா கீரையெல்லாம் அங்க நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கும். ஒண்ணு, எங்க கிளம்புனாலும் அன்னிக்கு திறந்திருக்கானு பிள்ளைங்களை முதல் நாள் ராத்திரியே பாத்து சொல்லச் சொல்லுங்க. குட் ஃப்ரைடே, கிறிஸ்துமஸ் ரெண்டு நாளும் பெரிய கடையெல்லாம் மூடியிருக்கும், ஏப்ரல் 25 ஆன்சாக் டே, போர் வீரர்களை நினைக்கற நாள், அன்னிக்கு மத்தியானம் ஒரு மணிக்கு மேலதான் திறப்பாங்க.

கேள்வி: மைதானு நினைச்சு ஒரு மாவு வாங்கி பூரி போட்டேன், பன்னு மாதிரி உப்பி மெத்துமெத்துனு வந்துச்சு. மாவு கெட்டுப் போனதா?

கெடல. நீங்க வாங்குனது செல்ஃப் ரைசிங் ஃப்ளோர், அதுல சோடா மாதிரி உப்ப வெக்கற பவுடரை முன்னாடியே கலந்திருப்பாங்க, கேக்குக்கானது. பக்கத்துலயே அதே மாதிரி பாக்கெட்ல ப்ளெய்ன் ஃப்ளோர்னு இருக்கும், அதுதான் மைதா. மிச்சம் இருக்கறதை பேத்திக்கு பேன்கேக் போட்டு காலி பண்ணிடுங்க.

கேள்வி: ஷெல்ஃப்ல ஒரு விலை, பில்லுல ஒரு விலை வருது. கேக்கலாமா, கேட்டா தப்பா நினைப்பாங்களா? அப்புறம் எது மலிவுன்னே கண்டுபிடிக்க முடியல, எல்லாத்துலயும் மஞ்சள் ஸ்டிக்கர்.

தாராளமா கேக்கலாம், கேக்கணும். எனக்கே நடந்துச்சு, ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல காப்பி பொடி தள்ளுபடினு ஷெல்ஃப்ல போட்டிருந்தாங்க, வீட்டுக்கு வந்து ரசீதைப் பாத்தா முழு விலை. மகள் "விடும்மா"னா. நான் மறுநாள் ரசீதை எடுத்துட்டுப் போனேன், சர்வீஸ் டெஸ்க்குனு வாசல் பக்கத்துல ஒரு கவுண்டர் இருக்கும், அங்க ரசீதைக் காட்டி விஷயத்தை சொன்னேன். ஒரு பையன் போயி ஷெல்ஃபைப் பாத்துட்டு வந்தான், முழுக் காசையும் திருப்பிக் குடுத்தான், காப்பி பொடியும் எனக்கே. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் மகள் தேடிப் பாத்து சொன்னா, அங்க பெரிய சூப்பர்மார்க்கெட்டுங்க தாங்களே ஏத்துக்கிட்ட ஒரு விதி இருக்கு, ஷெல்ஃப் விலையை விட அதிகமா ஸ்கேன் ஆயிட்டா அந்தப் பொருள்ல முதல் ஒண்ணு இலவசம், அதே பொருள் இன்னும் ரெண்டு வாங்கியிருந்தா அதுக்கு குறைஞ்ச விலை. 50 டாலருக்கு மேல இருக்கற பொருள், மது, சிகரெட்டுக்கெல்லாம் இது கிடையாது. இப்ப தெரியுதா ரசீதை ஏன் வாங்கிக்கச் சொன்னேன்னு.

எது மலிவுங்கறதுக்கு மஞ்சள் ஸ்டிக்கரைப் பாக்காதீங்க, அதுக்கு கீழ பொடியா ஒரு விலை இருக்கும், 100 கிராமுக்கு இவ்ளோ, ஒரு கிலோவுக்கு இவ்ளோனு. பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் அதைப் போட்டே ஆகணும்னு 2009 கடைசிலேர்ந்து கட்டாயம். கண்ணாடி எடுத்துட்டுப் போங்க, அந்த எழுத்து நிஜமாவே பொடிசு. பெரிய பாக்கெட்தான் மலிவா இருக்கும்னு நினைச்சா சில நேரம் நடு சைஸ்தான் மலிவா இருக்கும், அந்தப் பொடி எழுத்தைப் பாத்தாதான் தெரியும். ஷெல்ஃப்ல இருக்கற விலைலயே வரியும் சேந்திருக்கும், கவுண்டர்ல மேல போட மாட்டாங்க.

தேதி ரெண்டு விதமா இருக்கும். "யூஸ் பை"னா அந்த நாளுக்கு அப்புறம் தொடாதீங்க, கடையும் விக்கக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்"னா அந்த நாள் வரைக்கும் ருசி மணம் நல்லா இருக்கும்னு அர்த்தம், தாண்டுனாலும் பொருள் நல்லா இருந்தா சாப்பிடலாம். சாயங்காலம் விலையைக் குறைச்சு வெக்கற பொருள்ல இதை ஒரு தடவை பாத்துட்டு எடுங்க.

கேள்வி: ஜூன் மாசம் மகன் வீட்டுக்கு வந்தேன், குளிர் தாங்கல. பக்கத்துல ஒரு பழைய துணிக் கடைல நல்ல கோட்டு ஒண்ணு கம்மி விலைக்குப் பாத்தேன். மகன் வேணாம்ங்கறான், யாரோ போட்டதை ஏன் போடணும், நான் புதுசு வாங்கித் தர்றேன்ங்கறான். எனக்கு நாலு மாசத்துக்கு அவ்ளோ காசு போட மனசில்ல. என்ன சொல்றீங்க?

சார், உங்க மகனுக்கு உங்களுக்கு நல்லதா வாங்கித் தரணும்ங்கற ஆசை, அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கடை நீங்க நினைக்கற மாதிரி பழைய துணிக் கடை இல்ல. அதை ஆப் ஷாப்னு சொல்லுவாங்க. சால்வோஸ், வின்னீஸ் மாதிரி தர்ம அமைப்புங்க நடத்தறது, ஜனங்க சும்மா குடுத்த பொருளை விக்கறாங்க, வர்ற காசு வீடில்லாதவங்களுக்கும் கஷ்டப்படறவங்களுக்கும் போகுது. கவுண்டர்ல நிக்கறவங்கள்ல நிறைய பேர் சம்பளம் இல்லாம வந்து வேலை பாக்கற பெரியவங்க, நம்ம வயசுக்காரங்க. காலேஜ் பசங்க, வசதியானவங்க, எல்லாரும் வந்து வாங்கறாங்க, அங்க யாரும் அதை கௌரவக் குறைச்சலா பாக்கறதே இல்ல. நீங்க ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கோட்டைத் துவைச்சு அதே கடைலயே குடுத்துட்டு வந்துடலாம், பெட்டில இடமும் அடைக்காது. மகன்கிட்ட இதைச் சொல்லுங்க.

நானும் ஒரு கோட்டு அப்படித்தான் வாங்குனேன், சாம்பல் கலர், கம்பளி. அங்க இருந்த அம்மா நான் போட்டுப் பாக்கறதைப் பாத்துட்டு வந்து என் கையை மேல தூக்கச் சொன்னாங்க, தோள் பிடிக்குதானு பாத்தாங்க, அப்புறம் கோட்டைக் கழட்டி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிர்ல பிடிச்சுக் காட்டுனாங்க. கம்பளில பூச்சி அரிச்சிருந்தா பொட்டு பொட்டா வெளிச்சம் தெரியும். இல்ல. அப்புறம்தான் பில் போட்டாங்க. நீங்களும் அதே மாதிரி வெளிச்சத்துல பாருங்க, ஜிப்பை நாலு தடவை ஏத்தி இறக்குங்க, அக்குள் பக்கம் தையல் விட்டிருக்கானு பாருங்க, பாக்கெட்ல கை விட்டுப் பாருங்க. உள்ள இருக்கற லேபிள்ல ஊல்னு எத்தனை சதவீதம் போட்டிருக்குனு பாத்து வாங்குங்க, மெல்பர்ன் குளிர்ல காத்துதான் ஊசி மாதிரி குத்தும், அதுக்கு கம்பளிதான் தாங்கும். கிளம்பற நாள்ல வெயில் அடிச்சாலும் கோட்டை எடுத்துட்டுப் போங்க, அந்த ஊர் வானம் அரை மணில மாறும்.

கேள்வி: ஏர்போர்ட்ல வரியைத் திருப்பிக் குடுப்பாங்களாமே, உண்மையா?

உண்மைதான். ஒரே வியாபாரியோட கடைல மொத்தம் 300 டாலரோ அதுக்கு மேலயோ வாங்கியிருக்கணும், ரெண்டு மூணு பில்லா இருந்தாலும் சேத்துக்கலாம். கிளம்பறதுக்கு முன்னாடி 60 நாளுக்குள்ள வாங்குனதா இருக்கணும், டேக்ஸ் இன்வாய்ஸ்னு போட்ட ரசீது வேணும். 1000 டாலரோ அதுக்கு மேலயோ இருந்தா இன்வாய்ஸ்ல உங்க பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும், காசு உங்களுதா இருக்கணும். திரும்பக் கிடைக்கறது விலைல பதினொண்ணுல ஒரு பங்கு. பொருளை கைப்பெட்டில வெச்சுக்கணும், கேட்டா காட்டணும், பெரிய லக்கேஜ்ல போட்டு அனுப்பிட்டீங்கனா போச்சு. பாஸ்போர்ட் செக்கிங் தாண்டி உள்ள கவுண்டர் இருக்கும், விமானம் கிளம்ப அரை மணிக்கு முன்னாடி வரைக்கும்தான் வாங்குவாங்க, சீக்கிரம் போங்க.

கேள்வி: எனக்கு மார்க்கெட் போறது ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வாரத்துல மூணு நாள் போறேன், காய் பழமெல்லாம் நிறைய வாங்கிட்டு வர்றேன். ஆனா மருமகள் முகம் மாறுது. வாய் விட்டு ஒண்ணும் சொல்லல, ஃப்ரிட்ஜைத் திறந்துட்டு பெருமூச்சு விடறா. மகன்கிட்ட கேட்டா "கொஞ்சம் குறைச்சுக்கோம்மா"ங்கறான். நான் என் காசுலதானே வாங்கறேன், வீட்டுக்குத்தானே வாங்கறேன், இதுல என்ன தப்பு?

இந்தக் கடிதத்தை ரெண்டு நாள் கைல வெச்சுட்டு இருந்தேன். அம்மா, நீங்க போறது தப்பே இல்ல, நிறுத்தவும் வேணாம். ஆனா மருமகள் பக்கம் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அந்தப் பொண்ணு வாரம் முழுக்க என்ன சமைக்கணும்னு ஞாயித்துக்கிழமையே மனசுல ஒரு கணக்கு போட்டு, அதுக்கு அளவா வாங்கி, அந்த சின்ன ஃப்ரிட்ஜுல அடுக்கி வெச்சிருப்பா. ராத்திரி ஏழு மணிக்கு வேலைலேர்ந்து வந்து கதவைத் திறந்தா மூணு கிலோ பீன்ஸ், ரெண்டு பூசணி, அவ வெச்ச தயிர் எங்கயோ பின்னாடி. அதை ஆயணும், செய்யணும், இல்லன்னா அழுகும், அழுகுனா அவதான் எடுத்துப் போடணும். நீங்க அன்பா வாங்கிட்டு வர்றது அவளுக்கு இன்னொரு வேலையா போயி நிக்குது. காசு யாருதுங்கறது இதுல விஷயமே இல்ல.

என் மகள் வீட்டுலயும் இது நடந்துச்சு, மகள்ங்கறதால அவ வாய் விட்டே சொல்லிட்டா, "அம்மா இன்னொரு பெட்டி தக்காளி வந்தா நான் அழுதுடுவேன்"னா. மருமகள் சொல்ல மாட்டா, பெருமூச்சுதான் விடுவா. அதைக் கேட்டு புரிஞ்சுக்க வேண்டியது நாமதான்.

அன்னிலேர்ந்து நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜைத் திறந்து போன்ல ஒரு போட்டோ எடுத்துடுவேன், மார்க்கெட்ல கை நீளும்போது அந்தப் போட்டோவைப் பாப்பேன். அப்புறம் மகள்கிட்ட கேட்டேன், உனக்கு வாங்கறதுக்கே அலுப்பா இருக்கற ஒரே ஒரு விஷயம் சொல்லு, அதை நான் எடுத்துக்கறேன்னு. அவ கீரைன்னா. கீரை வாங்கணும், ஆயணும், கழுவணும், அவளுக்கு அதுக்கு நேரம் கிடையாது, ஆனா சாப்பிட ஆசை. அதனால கீரை என் பொறுப்பாச்சு, வாங்கி ஆய்ஞ்சு கழுவித் துணில சுத்தி டப்பால வெச்சிடுவேன், அவ எடுத்து நேரா சட்டில போடலாம். அதுக்கப்புறம் நான் மார்க்கெட் போறேன்னா அவளே "எப்பம்மா போற?"னு கேப்பா.

இன்னொண்ணு, விலையை ரூபாய்ல பெருக்கி சொல்றதை விட்டுடுங்க. அவ வாங்குனதை விட நான் மலிவா வாங்குனேன்னு சாப்பாட்டு மேசைல சொல்றதையும். நல்ல மனசோடதான் சொல்லுவோம், ஆனா அவ காதுல நீ ஏமாளினு விழும்.

நாளைக்கு காலைல அவ கிளம்பும்போது "மார்க்கெட் போறேன், உனக்கு எதாவது வேணுமா, எவ்ளோ வேணும்?"னு கேளுங்க. எவ்ளோங்கறதை மறக்காம கேளுங்க. ரெண்டு கேரட்னு சொன்னா ரெண்டு கேரட்டோட வாங்க. மிச்ச நேரத்துல நடங்க, பாருங்க, மோந்து பாருங்க, ஒரு காப்பி வாங்கி பெஞ்சுல உக்காந்து குடிங்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு ரெண்டு வந்திடும் அதுக்குள்ள. வரும்போது பேரனுக்கு ரெண்டு ஏப்ரிகாட்.